பெல்ட்டைக் கழற்றவில்லை

நல்ல மோட்டாரைக் கெட்டது என்று சொன்னேன். அது கெடவில்லை என்று தெரிந்த பிறகும் அதையே சொன்னேன். என் சொல்லை நம்பி ஒரு பையனைக் குற்றவாளி ஆக்கினார்கள். நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன். தீர்ப்பு உங்களுடையது.

கோவை கணபதியில் ஒரு ஜாப் ஒர்க் பட்டறை. பம்ப் ஷாஃப்ட் கடைகிறவர்கள். சிஎன்சி லேத் பாதி வேலையில் நின்றுவிட்டது என்று பழுது பார்க்க என்னைக் கூப்பிட்டார்கள். திரையில் எஸ்பி 9001. ஸ்பிண்டில் மோட்டார் ஓவர்ஹீட். முதலாளியும் ஆட்களும் சுற்றி நின்றார்கள். வெட்டு இல்லாமல் ஓட்டச் சொன்னேன். சும்மா சுற்றும்போதே லோடு மீட்டர் பாதியைத் தாண்டியது. மோட்டாரைத் தொட்டேன். சுட்டது.

"காயில் போச்சுங்க. ரீவைண்டிங் கொடுத்துருங்க" என்றேன்.

அந்த அலாரம் மோட்டார் சூடாகிவிட்டது என்று மட்டும்தான் சொல்லும். ஏன் என்று சொல்லாது. பின்பக்க ஃபேனில் எண்ணெய்ப் பிசுக்கு அடைத்திருக்கலாம். வெட்டு அதிகமாக இருக்கலாம். ஸ்பிண்டில் பேரிங் இறுகி, மோட்டார் அதை இழுக்க முடியாமல் இழுத்துக்கொண்டிருக்கலாம். எது என்று கண்டுபிடிக்க, பெல்ட்டைக் கழற்றி மோட்டாரைத் தனியாக ஓட்ட வேண்டும். லோடு இறங்கிவிட்டால் கோளாறு ஸ்பிண்டில் பக்கம். காயில் மேல் சந்தேகம் இருந்தால் யு, வி, டபிள்யூ ஒயர்களை டிரைவிலிருந்து பிரித்துவிட்டு, மூன்றுக்கும் இடையே ரெசிஸ்டன்ஸ் ஒரே அளவா என்று பார்க்க வேண்டும். பிறகு எர்த்துக்கு 500 வோல்ட் மெகர். 100 மெகாஓமுக்கு மேல் காட்டினால் இன்சுலேஷன் நன்றாக இருக்கிறது. 1-க்குக் கீழே இறங்கினால் காயில் போயிற்று எனலாம். இதெல்லாம் எனக்குத் தெரியும். மெகர் என் பையில்தான் இருந்தது. எடுக்கவில்லை.

காரணம் ஆணவம். தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவார் என்று என்னைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. பத்துப் பேர் பார்க்கும்போது அந்தப் பேச்சைக் காப்பாற்ற ஆசைப்பட்டேன்.

ஆபரேட்டர் பையன் அப்போதே சொன்னான். "அண்ணா, கொஞ்ச நாளாவே சக்குப் பக்கம் ஹெட்ஸ்டாக் சூடாகுதுங்க. உறுமுற மாதிரி சத்தமும் வருதுங்க." கோளாறு எங்கே என்பதை அவன் கையைக் காட்டிச் சொல்லிவிட்டான். எனக்குக் கோபம் வந்தது. "நீ கண்டபடி வெட்டு வச்சிருப்பே. அதுலதான் மோட்டார் போச்சு" என்றேன். அப்படிச் சொல்ல என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை.

ரீவைண்டிங் கடைக்காரர் போன் செய்தார். "அண்ணா, காயில் நல்லாத்தான் இருக்குதுங்க. வார்னிஷ் கூடக் கருகல. இதை எதுக்குங்க பிரிக்கணும்?" தவறைத் திருத்திக்கொள்ள அது போதும். எனக்கு உடனே புரிந்தது. கை நடுங்கியது. "சொன்னதைச் செய்யுங்க" என்று போனை வைத்தேன். முதலில் செய்ததைப் பிழை என்று சொல்லலாம். இதை அப்படிச் சொல்ல எனக்கு வாயில்லை.

மோட்டார் திரும்பி வந்தது. மாட்டினோம். லோடு மீட்டர் பழைய இடத்திலேயே நின்றது. அப்போதுதான் பெல்ட்டைக் கழற்றினேன். மோட்டார் தனியாக அமைதியாகச் சுற்றியது. ஸ்பிண்டிலைக் கையால் சுழற்றினால் நறநறவென்றது. கூலன்ட் சீலைத் தாண்டி உள்ளே போய் முன் பேரிங்கின் கிரீஸைக் கழுவி எடுத்திருந்தது. முதலாளி என்னைப் பார்த்தார். "ரெண்டுமே போயிருந்துச்சுங்க" என்றேன். இந்தப் பொய் பயத்தில் வந்தது. ரீவைண்டிங் செலவு என் தலையில் விழும் என்ற பயம்.

அந்தச் செலவு பையன் தலையில் விழுந்தது. அவன் சம்பளத்தில் பிடித்தார்கள். அடுத்த மாதம் அவன் வேலைக்கு வரவில்லை. ஷாஃப்ட்கள் தாமதமாகப் போனதால் பம்ப் கம்பெனி அடுத்த ஆர்டரை வேறு பட்டறைக்குக் கொடுத்தது. மோட்டாரும் தப்பவில்லை. டிரைவ் அனுப்பும் மின்துடிப்புகளைத் தாங்க மோட்டார் கம்பெனியில் சுற்றிய காயிலைப் பிய்த்துவிட்டுச் சாதாரணக் கம்பியில் சுற்றியிருந்தார்கள். எந்தக் கம்பி என்று நானும் கேட்கவில்லை. சில மாதங்களில் அது உண்மையாகவே எரிந்தது.

அதன் பிறகுதான் முதலாளியிடம் வாய் திறந்தேன். ஆட்களையும் கூட்டி வைத்து, அந்தப் பையன் மேல் தப்பில்லை என்று சொன்னேன். அவன் சொன்னதுதான் சரி என்றும் சொன்னேன். ரீவைண்டிங் பணத்தைக் கொடுத்தேன். போன ஆர்டரை என்னால் கொண்டுவர முடியவில்லை. பையன் எங்கே வேலை செய்கிறான் என்று விசாரித்துக்கொண்டே இருக்கிறேன். அவன் சம்பளத்தில் பிடித்த பணம் அவனுக்கு நான் தர வேண்டிய கடன். மெஷினைக் கெடுத்தவன் என்ற பெயரோடு அவன் வெளியே போனான். அதற்கு ஈடாக என்ன கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

தெரியாமல் செய்துவிட்டார் என்று யாரும் எனக்காகப் பரிந்து பேச வேண்டாம். தெரிந்துதான் செய்தேன்.