சிரட்டைக்குள்ள ஒரு ஷாம்பூக் கட்டி

எங்கட வாடகை வீட்டுக்குப் பின்னால ஒரு உரப்பை கிடந்தது. போன தைப்பொங்கலுக்கு வீடு வளவு துப்புரவாக்கேக்க அதை அவிழ்த்துக் கொட்டினம். 14 ஷாம்பூப் போத்தல்கள். நாங்கள் 4 பேர், ஒரு வருசம்.

அதுக்கு முதல் வருசம் நாங்கள் போத்தல்களைச் சேர்க்கேல்லை, எரிச்சனாங்கள். யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில நிறையப் பேர் செய்யிற வேலைதான். ஒருநாள் பின்னேரம் கறுப்புப் புகை மதிலைத் தாண்டிப் போச்சுது. பக்கத்து வீட்டுச் சின்னப் பெடியனுக்கு முட்டு. அன்ரி வந்து சண்டை பிடிக்கேல்லை, யன்னலை மட்டும் இழுத்துச் சாத்தினா. அந்தச் சத்தத்துக்குப் பிறகு எரிக்கிறதை விட்டிட்டம். ஆனா சேர்த்து வைச்சு என்ன செய்யிறதெண்டும் தெரியேல்லை.

எங்களில் ஒருத்தி கொழும்பில கொஞ்சக் காலம் வேலை செய்தவள். அவள்தான் ஷாம்பூக் கட்டியைக் கொண்டு வந்தவள். கடதாசிப் பெட்டி, போத்தல் இல்லை. திரவ ஷாம்பூவில பத்தில ஏழு எட்டுப் பங்கு வெறும் தண்ணிதான், நாங்கள் காசு குடுத்துத் தண்ணியையும் அதைக் காவுற பிளாஸ்ரிக்கையும் வாங்கிறம் எண்டு ஒரு பிரசங்கமும் வைச்சாள். எங்களுக்கு நல்லாப் பிடிச்சுப் போச்சு. தேங்காயெண்ணெயில கையால செய்தது, இயற்கையானது எண்டு பெட்டியில இருந்தது. 4 பேருக்கும் 4 கட்டி வாங்கினம்.

மூண்டாம் முழுக்கிலயே தலை நாசம். காய்ஞ்ச பிறகும் மயிர் பிசுபிசுவெண்டு ஒட்டிக்கொண்டு நிண்டது. சீப்பை இழுத்தால் பல்லுகளுக்கிடையில வெள்ளையாய் மெழுகு மாதிரி ஒண்டு. நீளத் தலைமயிர்க்காரி அழாத குறை. இணையத்தில பாத்தால், "தலைமயிர் பழகுற காலம், ஒரு மாதம் பொறுங்கோ" எண்டு ஆளாளுக்கு எழுதியிருந்தினம். நாங்களும் பொறுத்தம். அந்த ஒரு மாதத்தை ஆராவது எங்களுக்குத் திருப்பித் தரவேணும்.

ஏனெண்டால் பிழை தலையில இல்லை, கிணத்தில. எங்கட கேத்திலுக்குள்ள படியிற வெள்ளைப் பொருக்கைத் தினமும் கண்டும் எங்களுக்கு யோசினை வரேல்லை. யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக்கல்லுக்கு மேல இருக்கிற நிலம். அந்தக் கல்லுக்குள்ளால ஊறி வாற கிணத்துத் தண்ணியில கல்சியம் கூட. நாங்கள் வாங்கின கட்டியோ, பேருக்குத்தான் ஷாம்பூ. உண்மையில அது சவர்க்காரம்: எண்ணெயையும் காரத்தையும் சேர்த்துச் செய்தது. சவர்க்காரம் கல்சியத்தோட சேர்ந்தால் தண்ணியில கரையாத ஒரு படிவாய் மாறும். வாளியின்ர ஓரத்தில ஒட்டுற அதே அழுக்குத்தான் எங்கட தலையிலயும் ஒட்டினது. கொழும்புக்கு வாற குழாய்த் தண்ணியில பெரும்பங்கு களனி ஆத்தில இருந்தும் லபுகம, கலட்டுவாவ நீர்த்தேக்கங்களில இருந்தும் வாறது, மென்மையான தண்ணி. அங்க நுரைச்சுத் தள்ளின கட்டி இங்க வந்து தோத்துப் போனதில அதிசயமில்லை.

இதைச் சொன்னபோது எங்களில் ஒருத்தியின்ர அம்மம்மா சிரிச்சா. "நாங்கள் தேசிக்காய் அவிச்சு முழுகினது என்னத்துக்கு எண்டு நினைச்சனீங்கள்?" சீயாக்காய், வெந்தயம், தேசிக்காய் எல்லாம் அவிச்சு அரைச்சு வைச்சு முழுகிறது அவவின்ர காலம். சீயாக்காயின்ர நுரை சபோனினில இருந்து வாறது, அது சவர்க்காரம் இல்லை. தேசிப்புளி அந்தப் படிவைக் கழட்டும். வாளித் தண்ணிக்குள்ள அரைத் தேசிக்காயைப் பிழிஞ்சு கடைசியாய் ஊத்திப் பாத்தம். அண்டைக்குத்தான் சீப்பு தடக்காமல் போச்சுது.

பிறகு வேற வகைக் கட்டி வாங்கினம். இந்த முறை பெட்டியின்ர முன்பக்கத்தைப் பாக்கேல்லை, பின்பக்கத்தைப் பாத்தம். சோடியம் கொக்கோயில் ஐசெதியோனேற் எண்டு வாய்க்குள்ள நுழையாத பேர் ஒண்டு முதலில இருந்தது. அதுவும் தேங்காயெண்ணெயில இருந்து எடுக்கிறதுதான், ஆனா சவர்க்காரம் இல்லை. கல்சியம் அதை அவ்வளவாய்க் குழப்பாது. காரமும் குறைவு. "இயற்கை" எண்டு எழுதினது தலையைக் கெடுத்தது, "கெமிக்கல்" எண்டு நாங்கள் ஒதுக்கினது காப்பாத்தினது. எங்கட பழைய வாட்சப் பிரசங்கங்களை நினைக்க வெக்கமாய்த்தான் இருந்தது.

மற்றக் கரைச்சல்கள் சின்னன். ஈரத்தில கிடந்தால் கட்டி களியாய்ப் போகும், அதால சிரட்டையில மூண்டு ஓட்டை போட்டு அதுக்குள்ள வைச்சம். கிணத்தடியில வைச்ச ஒண்டைக் காகம் தூக்கிக்கொண்டு போட்டுது. ஆயிரம் ரூபாய்க்குக் கிட்டின கட்டி! கூரையில இருந்து அது கொத்திறதைப் பாத்துக்கொண்டு நிண்டம். சுருள்மயிர்க்காரி ரெண்டு மாதத்தில திரும்பவும் போத்தலுக்குப் போட்டாள், இப்ப பெரிய போத்தலாய் வாங்கிறாள். அவளோட வாதாடேல்லை. எங்கட தலை இல்லையே.

எங்களை உறுத்தினது அந்த ஆயிரம் ரூபாதான். எங்களில் இன்னொருத்தியின்ர வீடு கிளிநொச்சிப் பக்கம். அவளின்ர அம்மா கூலி வேலைக்குப் போறவ. வெள்ளிக்கிழமை முழுக்குக்குக் கடையில ஒரு பக்கற் ஷாம்பூ வாங்கிறதுதான் அவவின்ர கணக்கு. 20 மில்லிலீற்றரும் அதுக்குக் குறைஞ்சதுமான பக்கற்றுகளை, சாப்பாட்டுச் சாமானும் மருந்தும் தவிர, 2021 மார்ச் 31 இல இருந்து அரசாங்கம் தடை செய்தது. சூழலுக்கு நல்லதெண்டு நாங்கள் பகிர்ந்து மகிழ்ந்த செய்தி அது. அந்த அம்மா அப்ப என்ன செய்தா எண்டு நாங்கள் கேக்கவேயில்லை. இந்த வருசம்தான் கேட்டம். "சவுக்காரத்தைப் போட்டு முழுகினன், வேறென்ன" எண்டா. கை கழுவுற சவர்க்காரம், கிணத்துத் தண்ணி. எங்களுக்கு ஒரு மாதம் நடந்தது அவவுக்கு எத்தினை மாதமோ.

போத்தலை வெட்டி விக்கேலாது. கட்டியை வெட்டலாம். உடுப்புத் தோய்க்கிற நீளப் பார் சவர்க்காரத்தைக் கடைக்காரர் கத்தியால துண்டு போட்டு வித்ததை எங்கட அம்மாமார் எல்லாரும் கண்டிருக்கினம். அதை நினைச்சுக்கொண்டு ஒரு புதுக் கட்டியைக் குசினிக் கத்தியால எட்டாய் வெட்டினம். கொஞ்சம் உதிர்ந்தது, உதிர்ந்ததை நாங்கள் எடுத்தம். ஒரு துண்டு நூற்றி இருவத்தைஞ்சு ரூபாக் கணக்கு. ரெண்டு துண்டைக் கடதாசியில சுத்திக் கிளிநொச்சிக்குக் குடுத்துவிட்டம்.

மூண்டு வெள்ளிக்கிழமை கழிச்சு அம்மா ஃபோன் எடுத்தா. நுரை காணாதாம், ஆனா தலை ஒட்டேல்லையாம். ஒரு துண்டு இன்னும் முடியேல்லை, மற்றதைப் பக்கத்து வீட்டு அக்காவுக்குக் குடுத்திட்டாவாம். "கடையில இப்பிடித் துண்டாய்க் குடுப்பாங்களோ பிள்ளை?" எண்டு கேட்டா. எங்கட ஒழுங்கைக் கடை அண்ணையிட்டக் கேட்டுப் பாத்தம். வெட்டினால் மிச்சம் காய்ஞ்சு வெடிச்சுப் போகுமோ எண்டு யோசிக்கிறார். அடுத்த கிழமை ஒரு கட்டியைக் கொண்டுபோய் அவருக்கு முன்னால வெட்டிக் காட்டப் போறம்.