அளந்து குடித்த தண்ணீர்

வீட்டையும் கூடவே கட்டிக்கொண்டு பிரயாணம் போகும் பாக்கியம் நத்தைக்குத்தான் உண்டு என்று நினைத்திருந்தேன். அமெரிக்காவில் மனிதர்களுக்கும் உண்டு. ஆர்.வி. என்கிறார்கள். பஸ்ஸுக்குத் தம்பி மாதிரி ஒரு வண்டி. உள்ளேயே அடுப்பு, படுக்கை, குளியலறை எல்லாம். "சமையலறையே கூட வருகிறது, அம்மா! உனக்கென்ன கவலை?" என்றான் பிள்ளை. சமையலறை வந்தால் சமைக்கிறவளும் வரவேண்டும் என்பதுதானே அதற்கு அர்த்தம்?

ஜூன் முதல் வாரத்தில் போனோம். கொலராடோ மாகாணத்தில் கிரேட் ஸாண்ட் டியூன்ஸ் தேசியப் பூங்கா. பூங்கா என்றதும் ரோஜாச் செடிகளை எதிர்பார்த்தேன். அங்கே இருந்ததோ மணல். மலை மலையாக மணல்! பெரிய குன்றுகள் எழுநூறு அடிக்கு மேல். வட அமெரிக்காவிலேயே இவைதான் உயரமானவை. நாங்கள் தங்கிய பின்யான் ஃப்ளாட்ஸ் முகாமே சுமார் 8,200 அடி உயரம். நம் ஊட்டியைவிட உயரம். ஆனால் ஊட்டியின் ஈரம் மருந்துக்கும் கிடையாது. இரண்டே நாளில் உதடு வெடித்து, தலைமயிர் தேங்காய் நாராகிவிட்டது.

முகாமில் வண்டிக்குக் குழாய் இணைப்போ மின்சார இணைப்போ கிடையாது. தொட்டியில் உள்ளதுதான் தண்ணீர். பாத்திரம் கழுவியது ஒரு தொட்டிக்கும், கழிவறையிலிருந்து வருவது இன்னொரு தொட்டிக்கும் போகும். நிரம்பிவிட்டால் திண்டாட்டம். "அத்தை, பாத்திரம் தேய்க்கும்போது குழாயை மூடிக்கொள்ளுங்கள்" என்றாள் மருமகள். மரியாதையாகத்தான் சொன்னாள். இருந்தாலும், சென்னையில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்று குடித்தனம் நடத்தியவளுக்கா சிக்கனம் சொல்லிக் கொடுப்பது? சுருக்கென்றது எனக்கு.

போதாக்குறைக்குப் பருப்பு வேறு சதி செய்தது. அந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 92 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. தளதளவென்று கொதிக்கிறதே தவிர, சூடு போதவில்லை. ஒரு மணி நேரம் ஆகியும் துவரம் பருப்பு கல்லாகவே கிடந்தது. மருமகள் பேசாமல் குக்கரை எடுத்து வைத்தாள். அவள் ஏதாவது சொல்லியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு கோபம் வந்திராது!

இன்னொரு சமாசாரம். சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. வண்டியின் கழிவறைக் கதவு அப்பளம் போல. அதற்கு அந்தப் பக்கம் பிள்ளையின் படுக்கை. ஆகவே தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டேன். ரயிலிலும் பஸ்ஸிலும் இதைச் செய்யாத பெண்பிள்ளை நம்மில் யார்?

மூன்றாம் நாள் விடியற்காலையில் குன்று ஏறப் புறப்பட்டோம். கோடையில் பகல் ஏறினால் மணல் 150 டிகிரி பாரன்ஹீட் வரை சுடும். அடிவாரத்தில் மெடானோ ஓடை. அதன் அடியில் மணல் வரப்பாகச் சேர்ந்து நீரைத் தடுக்கும், பிறகு உடையும், உடனே ஒரு குட்டி அலை ஓடி வரும். கடற்கரைக் குழந்தை மாதிரி நின்று விளையாடினேன். முந்தின இரவே தலைவலி. யாரிடமும் சொல்லவில்லை.

பாதி மேட்டில் கண் இருட்டியது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கையை ஊன்றிய இடத்தில் நாலு விரற்கடைக்குக் கீழே மணல் ஈரமாக, சில்லென்று இருந்தது.

"அத்தை, காலையிலிருந்து எவ்வளவு தண்ணீர் குடித்தீர்கள்?"

ஒரு காப்பி, அரை டம்ளர் தண்ணீர். மறைக்க முடியவில்லை, காரணத்தையும் சொல்லிவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. கண் கலங்கிவிட்டது.

"பாத்திரத்துக்குத்தானே சொன்னேன், அத்தை!" என்றாள். பிறகு மெதுவாக, "நானும் அப்படித்தான். மாமா பக்கத்திலேயே படுத்திருக்கிறாரே என்று..." என்றாள்.

அவள் புட்டியிலிருந்து ஆளுக்குக் கொஞ்சமாக, நிதானமாகக் குடித்தோம். உச்சிக்குப் போகாமலே இறங்கினோம். அப்பாவும் பிள்ளையும் மேலேயிருந்து கை ஆட்டினார்கள். ஆட்டட்டும்.

அன்று மாலைதான் ஒரு விஷயம் தெரிந்தது. பக்கத்து மாண்டி விஸ்டா ஊர்ப் பெண்கள் சங்கத்தார், தங்கம் தேடுகிறவர்களும் சிமெண்டுக் கலவைக்காரர்களும் இந்த மணலைச் சூறையாடிவிடுவார்களே என்று பயந்து சர்க்காருக்கு விண்ணப்பித்தார்களாம். 1932-ல் பாதுகாப்பு கிடைத்தது. 2004-ல் தேசியப் பூங்காவாயிற்று. நம் ஊர் ஆறுகளை நினைத்துக்கொண்டேன்.

இரவில் புருஷர்கள் குறட்டை விட்டதும், நானும் மருமகளும் டார்ச்சை எடுத்துக்கொண்டு முகாமின் பொதுக் கழிவறைக்கு நடந்தோம். நல்ல குளிர், என் காஷ்மீர்ச் சால்வையில் பாதி அவளுக்கு. வழியில் டார்ச்சை அணைத்தாள். அத்தனை நட்சத்திரங்களை நான் என் ஆயுளில் பார்த்ததில்லை. கழுத்து வலிக்கும் வரை பார்த்தோம்.

வண்டிக்குத் திரும்பி, ஆளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தோம்.