கடற்கரைக் கோயிலும் ஆற்றங்கரைக் கோயிலும்

சென்ற விடுமுறையில் தாயகம் சென்றபோது, நண்பர் ஒருவர் குடும்பத்தோடு இரண்டு கோயில்களைக் காணும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது. நண்பர் லுத்தரன் சபையினர். அவர்தம் மனைவியார் கத்தோலிக்கர். ஆதலால் கணவர் போற்றும் தலம் ஒன்று, மனைவியார் போற்றும் தலம் ஒன்று.

முதலில் தரங்கம்பாடி. டேனியர் 1620-இல் கட்டத் தொடங்கிய கோட்டைக்கு அருகில் புதிய எருசலேம் ஆலயம் நிற்கிறது. 1706-இல் வந்திறங்கி, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றிய சீகன்பால்கு ஐயர் 1718-இல் எழுப்பியது அது. மறு ஆண்டே மறைந்த அவர் அங்கேயே துயில்கின்றார்.

அடுத்து, கொள்ளிடத்தின் வடகரையில் ஏலாக்குறிச்சி. வீரமாமுனிவர் அதற்குத் திருக்காவலூர் எனப் பெயரிட்டு, அடைக்கல மாதாவுக்குக் கோயில் எடுத்தார். அன்னைமீது கலம்பகமும் பாடினார். அவரே தரங்கம்பாடியாரை மறுத்து ‘வேத விளக்கம்’, ‘பேதகம் மறுத்தல்’ என்னும் உரைநடை நூல்களையும் இயற்றினார். சமயப் பூசலால் தமிழ் உரைநடைக்கு ஊதியம் விளைந்தது!

பூசல் எதைப் பற்றியது? நற்கருணையில் கிறிஸ்து மெய்யாகவே எழுந்தருளியுள்ளார் என்பதில் இரு சாராரும் ஒருமனத்தினரே. அப்பமும் இரசமும் தம் உள்ளியல்பு முற்றும் மாற, தோற்றம் மட்டுமே எஞ்சுகின்றது என்பது 1551-இல் திரெந்து சங்கம் உறுதிசெய்த கத்தோலிக்கக் கொள்கை. அப்பம் அப்பமாகவே இருக்க, அதனோடு கிறிஸ்துவின் உடலும் உளது என்பர் லுத்தரன் சபையார். மரியன்னையைக் கன்னித் தாயாக இருவரும் ஏற்பர். அவரிடம் பரிந்துரை வேண்டுவது தகும் என்பர் முன்னவர். பரிந்து பேசுமாறு வேண்டத் தக்கவர் கிறிஸ்து ஒருவரே என்பர் பின்னவர். அன்னை உடலோடு விண்ணகம் புகுந்தார் என்பது 1950-இல் கோட்பாடாக அறிவிக்கப்பட்டபோது இடைவெளி மேலும் அகன்றது.

ஏலாக்குறிச்சியில் ஞாயிறு பூசையின்போது மனைவியார் நற்கருணை பெற எழுந்து சென்றார். நண்பர் இருந்த இடத்திலேயே முழந்தாளிட்டிருந்தார். சிறுமியாகிய மகள் அவர் கையைப் பற்றி, “அப்பா, நீங்கள் ஏன் போகவில்லை?” என்று வினவினாள்.

“அங்கே ஆண்டவர் இருக்கிறார் என்று நானும் நம்புகிறேன், அம்மா. எப்படி இருக்கிறார் என்பதில்தான் பெரியவர்களுக்குள் வழக்கு. அது தீரும்வரை நான் இங்கிருந்தே கும்பிடுகிறேன்” என்றார்.

வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. எனினும், தரங்கம்பாடியில் ஐயர் கல்லறையருகே அவ்வம்மையார் தலைவணங்கி நின்றதையும் யாம் கண்டிருந்தோம். ஊர் செல்லும் அன்பர்கள் ஒன்றைக் கண்டு மற்றொன்றை விடாது, இரண்டையும் கண்டு வருவார்களாக!