வேகத்தை அழுத்தம் ஆளும் இடம்: சாயப்பட்டறை பம்பும் வி.எஃப்.டி.யும்

திருப்பூர் வட்டாரச் சாயப்பட்டறைகளில் பின்னல் துணிக்குச் சாயமேற்றும் சாஃப்ட் ஃப்ளோ இயந்திரங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் தண்ணீர் எடுப்பதில்லை. ஒன்று நிரம்பிக்கொண்டிருக்கையில் மற்றொன்று சாயத்தைச் சுழற்றிக்கொண்டும், வேறொன்று வடித்துக்கொண்டும் இருக்கும். ஆகவே மென்னீர்த் தொட்டியிலிருந்து அவற்றுக்கு நீரேற்றும் பம்பு ஒரே வேகத்தில் ஓடினால், பல வால்வுகள் சேர்ந்து திறக்கும்போது அழுத்தம் விழுந்து நிரப்பும் நேரம் நீள்கிறது. எல்லாம் மூடும்போது அழுத்தம் ஏறி இணைப்புகள் கசிகின்றன. 2011-இல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் மூடப்பட்டு, கழிவுநீரைச் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் கட்டாயத்தோடு திறந்த இத்தொழிலில், நீருக்கும் மின்சாரத்துக்கும் கணக்குப் பார்க்காத பட்டறை இல்லை.

மோட்டாருக்குச் செல்லும் மின்சாரத்தின் அலைவெண்ணை மாற்றி வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவியே வி.எஃப்.டி. குழாயில் பொருத்திய உணரி தற்போதைய அழுத்தத்தை அதற்குத் தெரிவிக்க, வேண்டிய அழுத்தத்தோடு அதை ஒப்பிட்டுக் கருவி தானாகவே வேகத்தைத் திருத்திக்கொள்வது மூடிய சுற்றுக் கட்டுப்பாடு எனப்படும். 0 முதல் 10 பார் வரை அளக்கும் உணரி அந்த அழுத்தத்தை 4 முதல் 20 மில்லிஆம்பியர் மின்னோட்டமாக அனுப்புவதால், 4 பாருக்கு 10.4 மில்லிஆம்பியர் வர வேண்டும். அனுபவமுள்ள எலக்ட்ரீஷியன் கருவியின் திரையைத் தொடுமுன் மல்டிமீட்டரில் இதைத்தான் பார்க்கிறார்; 16 பார் உணரியை மாட்டிவிட்டு 10 பார் என்று பதிந்திருந்தால், அதன்பின் எந்த அளவைத் திருத்தினாலும் அழுத்தம் சரியாக அமையாது. உணரியின் கவசக் கேபிளை மோட்டார் கேபிளை விட்டு விலக்கி இழுத்து, கவசத்தை ஒரு முனையில் மட்டும் தரையிணைப்பதும் அப்போதே முடிந்துவிடுகிறது.

அடுத்து வருவது பி.ஐ.டி. எனும் மூன்று அளவுகள். முதலாவது, பிழைக்கு ஏற்ற விகிதத்தில் உடனே வேகத்தை மாற்றுவது. இரண்டாவது, எஞ்சி நிற்கும் சிறு பிழையைக் காலப்போக்கில் சேர்த்துச் சேர்த்துத் தீர்ப்பது. மூன்றாவது, பிழை மாறும் வேகத்தைக் கவனிப்பது. அழுத்தக் குறி இயல்பாகவே நடுங்குவதால் பம்புகளில் மூன்றாவதைப் பெரும்பாலும் பூஜ்யத்திலேயே விட்டுவிடுகிறார்கள். விகித அளவை அழுத்தம் ஊசலாடத் தொடங்கும்வரை ஏற்றி, அதில் ஏறத்தாழப் பாதிக்குக் குறைப்பதே வழக்கம். பொறியாளர்களான சீக்லரும் நிக்கல்சும் 1942-இல் வெளியிட்ட விதியும் ஏறக்குறைய இதையே சொல்கிறது. பட்டறையில் இந்த ஊசலாட்டத்துக்கு ஹன்டிங் என்று பெயர். ஆனால் ஹன்டிங் எல்லாவற்றுக்கும் பி.ஐ.டி. காரணமன்று: மோட்டார் வேகமெடுக்கும் நேரத்தை 30 விநாடி என்று வைத்திருந்தால், கட்டளை பிறந்து வேகம் மாறுவதற்குள் அழுத்தம் வேறிடம் போய்விட, கருவி எப்போதும் பழைய பிழையையே துரத்திக்கொண்டிருக்கும்.

மின்சேமிப்பைப் பற்றிய விளம்பரங்கள் இங்கு ஓரளவே பொருந்தும். மைய விலக்குப் பம்பில் அழுத்தம் வேகத்தின் இருமடியாகவும், திறன் மும்மடியாகவும் மாறுவதால், 80 சதவீத வேகத்தில் 51 சதவீதத் திறன் போதும் என்பது உண்மையே. ஆனால் 50 ஹெர்ட்சில் வால்வு மூடிய நிலையில் 6 பார் தரும் பம்பு 4 பாரைத் தாங்கிப் பிடிக்க, தொட்டி மட்டம் தரும் அழுத்தத்தைச் சேர்க்காமல் பார்த்தால், குறைந்தது 41 ஹெர்ட்சில் ஓடியாக வேண்டும். அதற்குக் கீழே அது ஒரு சொட்டு நீரையும் அந்த அழுத்தத்தில் அனுப்பாது, சும்மா சுழன்று தண்ணீரைச் சூடாக்கும். எனவே குறைந்தபட்ச அலைவெண்ணைக் கையேட்டிலிருந்து எடுக்காமல், வால்வை மூடிச் சோதித்துத் தீர்மானிப்பவரே வேலை தெரிந்தவர். தேவை முற்றிலும் நின்றபின் மோட்டாரை நிறுத்தி, அழுத்தம் இறங்கியதும் எழுப்பும் உறக்க நிலையும் அந்த எல்லையைச் சார்ந்தே அமைகிறது.

உணரியின் கம்பி அறுந்தால் மின்னோட்டம் 4 மில்லிஆம்பியருக்குக் கீழே போகும். கருவியில் அதற்கான எச்சரிக்கையை இயக்கிவைக்காவிட்டால் அழுத்தமே இல்லையென்று எண்ணிக்கொண்டு அது பம்பை முழுவேகத்துக்கு விரட்டும். பம்பைப் பொருத்தி முடித்ததும் அந்தக் கம்பியைக் கழற்றிப் பார்ப்பதும், பதிந்த அளவுகளை எல்லாம் தாளில் எழுதிப் பேனல் கதவின் உட்புறம் ஒட்டுவதும் பட்டறை உரிமையாளர்கள் கேட்டு வாங்க வேண்டிய வேலைகளாகும்.