வெளியூரிலிருந்து மனை வாங்கும் பிள்ளைகளுக்கு



ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே ஒரு மனை. "வீடியோ அனுப்பியிருக்கிறார்கள், அட்வான்ஸ் கொடுக்கலாமா டீச்சர்?" என்று துபாயிலிருந்து ஒரு மாணவி கேட்டாள். பத்து வருடச் சம்பாத்தியம். அவளுக்குச் சொன்னதை எல்லோருக்கும் சொல்கிறேன்.

வீடியோ வெயில் காலத்தில் எடுத்தது. ஐப்பசி மழையில் அந்த இடம் எப்படி இருக்கும்? கம்ப்யூட்டரில் கூகுள் எர்த்தைத் திறந்து, பழைய ஆண்டுப் படங்களைப் பாருங்கள். மலையிலிருந்து இறங்கும் ஓடையும், கண்மாயும் இருந்த இடம் தெரியும். கல் ஊன்றிவிட்டால் தண்ணீர் வழியை மறந்துவிடாது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது நினைவிருக்கட்டும்.

அடுத்து சர்வே எண். பட்டாவா, புறம்போக்கா என்பதை 'அ' பதிவேட்டிலும், வில்லங்கத்தையும் வழிகாட்டி மதிப்பையும் பதிவுத்துறை இணையதளத்திலும் பார்க்கலாம். "பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு" என்பது மட்டும் போதாது, டி.டி.சி.பி. அங்கீகார எண்ணைக் கேளுங்கள்.

குடிநீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, ராத்திரி தெருவிளக்கு எரிகிறதா என்பது பால்காரருக்கும் டீக்கடைக்காரருக்கும்தான் தெரியும். அவர்களிடம் விசாரிக்க ஒரு ஆளை அனுப்புங்கள், அதுவும் மழை நாளில். ஆள் இல்லையென்றால் எனக்கு போன் போடுங்கள். நான் ஊரில் சும்மாதான் இருக்கிறேன். பஸ் ஏறிப் போய்ப் பார்த்துச் சொல்கிறேன்.