அலையின் முதுகில்

சாந்தோம் மாதா கோயிலுக்குப் பின்புறம் மணலில் இறங்கி, காலை வேளையில் வடக்கே நொச்சிக்குப்பம் வரை நடந்து பாருங்கள். கடலுக்குப் போவதைவிடக் கரை ஏறுவதே பெரும்பாடு என்பது தெரியும்!

மீனோடு திரும்பும் படகு, அலை உடையும் இடத்துக்கு வெளியே நின்றுவிடுகிறது. 'இதோ கரை, ஏன் இந்தத் தாமதம்?' என்று நமக்குத் தோன்றும். பெரிய அலைகள் கூட்டமாக வரும்; பிறகு சற்று ஓய்வு. அந்த ஓய்வுக்குத்தான் காத்திருக்கிறார்கள். ஓர் அலை உடைந்ததும் அதன் முதுகைத் தொட்டாற்போல் நேரே உள்ளே வரவேண்டும். முந்தினால் அலை பின்புறத்தைத் தூக்கி, மூக்கை மணலில் குத்திவிடும். பிந்தினால் அடுத்த அலை பிடித்துக்கொள்ளும். படகு குறுக்கே திரும்பிவிட்டாலோ, கேட்கவே வேண்டாம். வலை, மீன், ஆள் எல்லாம் தண்ணீரில்!

1861-ல் கடலுக்குள் இரும்புப் பாலம் போடுமுன், சென்னைக்குக் கப்பலில் வந்த துரைசானிகளும் மசூலாப் படகில் இப்படித்தான் வந்து இறங்கினார்கள். ஆணியின்றிக் கயிற்றால் தைத்த பலகைகள். தரை தட்டினால் வளைந்து கொடுக்கும். பட்டு கவுன் நனையாதிருந்தால் அதிர்ஷ்டம்தான்.

இன்று கட்டுமரங்கள் அருகிவிட்டன. ஃபைபர் படகுக்காரருக்கு மணல் தட்டுமுன் எஞ்சினைத் தூக்கும் கவலையும் சேர்ந்திருக்கிறது. கூடையோடு நிற்கும் பெண்களின் கண்கள் படகுக்குப் பின்னால் எழும் அலை மீதே இருக்கின்றன. அது தரை தட்டிய பிறகுதான் மீன் விலை பேச வாய் திறக்கிறார்கள்.