தாளம் நிறுத்தாத திண்டி

அன்புள்ள அம்முவுக்கு,

பாணேர் முழுக்க அடுக்குமாடியாகிவிட்டதே, இனி பைரவநாதர் கோயிலுக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டிருந்தாய். கும்பிட ஆள் இருக்கிறது. கும்பிட வருகிறவருக்குக் கோயிலில் ஒரு பொறுப்பு இருக்கிறதா என்பதுதான் என் கவலை. 1997-ல் புனே மாநகராட்சியோடு சேரும்வரை பாணேர் தனிக் கிராமம். ஹிஞ்சவடியில் ஐ.டி. பூங்கா வளர வளர, வயல்கள் மனைகளாயின. நம்மைப் போல வெளி மாநிலத்தாரும் வந்து குடியேறினோம். இந்தப் பக்கத்துக் கிராமங்களின் ஜத்ரா திருவிழாவில் பல்லக்கு தூக்குவதும் முதல் மரியாதையும் பெரும்பாலும் பரம்பரையாகச் சில குடும்பங்களுக்கு உரியவை. அந்தக் குடும்பங்கள்தான் இத்தனை காலம் கோயிலைக் காப்பாற்றின, அதை மறுக்கக் கூடாது. ஆனால் புதிதாக வந்தவர்கள் தரிசனத்தோடு திரும்பிவிடுகிறார்கள். தங்கள் சொசைட்டியிலேயே பிள்ளையார் வைத்து, கமிட்டி போட்டு, அங்கே உழைக்கிறார்கள். ஒரே ஊரில் இரண்டு சபைகள் உருவாவது இப்படித்தான்.

வேறு வழி உண்டு என்பதற்கு இதே புனே வழியாகப் போகும் வாரி என்னும் பாதயாத்திரை சாட்சி. ஆளந்தியிலிருந்து ஞானேஸ்வரரின் பாதுகைகளைப் பண்டரிபுரத்துக்குக் கொண்டுபோகும் ஊர்வலத்தை 19-ஆம் நூற்றாண்டில் இன்றைய வடிவில் ஒழுங்கு செய்தவர் ஹைபத்பாபா. சிந்தியா அரசவையில் பணியாற்றியவர். படை நடத்துவதுபோலக் கூட்டத்தைத் திண்டிகள் என்னும் குழுக்களாகப் பிரித்தார். பாதுகைகளின் ரதத்துக்கு முன்னால் 27 திண்டிகள், மற்றவை பின்னால். ஒவ்வொன்றுக்கும் எண், கொடி, வீணை ஏந்துபவர், தலையில் துளசி மாடம் சுமக்கும் பெண்கள். புதுத் திண்டி வந்தால் பழையவர் யாரும் இடத்தை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. இன்று ஐ.டி. ஊழியர்களின் திண்டியும் அதில் நடக்கிறது. எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது, மாலை முகாமில் நடக்கும் சமாஜ ஆரத்தி. ஊர்வலத்தை ஒழுங்குபடுத்தும் சோப்தார் தன் தடியை உயர்த்தியதும் அத்தனை தாளங்களும் அடங்கிவிட வேண்டும். குறை உள்ள திண்டி மட்டும் தாளத்தை நிறுத்தாது. சோப்தார் அங்கே போய் என்னவென்று கேட்டுத் தீர்த்த பிறகே ஆரத்தி தொடரும். நிற்க ஓர் இடம், குறை சொல்ல ஒரு முறை: இந்த இரண்டும் இருந்ததால்தான் இத்தனை ஆட்சிகள் மாறியும் வாரி வளர்ந்தது என்பேன்.

பதினொரு மாத வாடகை ஒப்பந்தத்தில் வந்துபோகிறவர்களுக்குக் கோயில் பொறுப்பு எதற்கு என்று நீ கேட்கலாம். வாரியில் ஆளந்தியிலிருந்து புனே வரை மட்டும் நடப்பவர்களும், திவே மலைப்பாதை ஏறி சாஸ்வடோடு நிற்பவர்களும் ஏராளம். ஆட்கள் மாறலாம், திண்டியின் இடம் மாறுவதில்லை. இன்னொரு மறுப்பு கனமானது: சபைகள் மனமுவந்து மாறுவதில்லை, மாற்றப்படுகின்றன. உண்மைதான். மகார் குலத்தில் பிறந்த பக்திக் கவி சொக்காமேளரின் சமாதி பண்டரிபுரம் கோயிலுக்கு வெளியே, மகாதுவாரத்தின் அடியில்தான் இருக்கிறது. அவர் காலத்துக்கு அறுநூறு ஆண்டுகளுக்குப் பிறகு, 1947 மே மாதம் காந்தியவாதி சானே குருஜி உண்ணாவிரதம் இருந்த பின்தான் தலித்துகளுக்கு அந்தக் கதவு திறந்தது. அந்தக் கோயிலின் படவே, உத்பாத் பூசாரிக் குடும்பங்களின் பரம்பரை உரிமை முடிவுக்கு வர 2014-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு தேவைப்பட்டது. வரிசைக்குள் இருந்தவர்களின் தாளம் மட்டுமே கேட்கப்பட்டது என்பது அந்த மரபின் பெரிய குறை. ஆனால் சானே குருஜி அந்த மரபின் பக்தியில் ஊறியவர். அதன் பெயராலேயே நியாயம் கேட்டார். வெளியிலிருந்து வரும் நெருக்குதலுக்கு உள்ளேயிருந்து குரல் கொடுக்க ஆள் இருந்தால், சபை உடையாமல் மாறுகிறது.

ஆகவே பாணேரில் பழைய குடும்பங்களின் பல்லக்கைப் பறிக்க வேண்டாம். அன்னதானம், கூட்டத்தை ஒழுங்குபடுத்துவது, வரவு செலவுக் கணக்கு என்று சில பொறுப்புகளைப் புதியவர்களிடம் கொடுக்கலாம். கமிட்டியில் அவர்கள் பேச்சுக்கும் இடம் வேண்டும். அங்கே உங்கள் ஊர்க் கோயிலில் உன் வயதுப் பிள்ளைகளுக்கு நிர்வாகத்தில் ஓட்டு உண்டா, தொண்டு மட்டும்தானா? விசாரித்து எழுது.

அன்புடன்,
பெரியப்பா
பாணேர், புனே